பல்லாங்குழிக்குள் ஒரு சரளி வரிசை

பிள்ளையை எந்தக் கோடிங் வகுப்பில் சேர்க்கலாம் என்று கேட்டுக்கொண்டு என் கடைக்கு வருகிறவர்கள் இப்போது அதிகம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் நான் வைத்திருப்பது எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை. மிக்ஸி, ஆம்ப்ளிஃபயர், இன்வெர்ட்டர் போர்டு, எப்போதாவது ஒரு பழைய ரேடியோ. இந்த ஆளுக்குக் கம்ப்யூட்டரும் தெரியும் என்று தெருவில் ஒரு பேச்சு இருப்பதால் கேட்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: வகுப்பு இருக்கட்டும், முதலில் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த ஒரு விளையாட்டையும், பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டையும் கம்ப்யூட்டரில் செய்துபார்க்கச் சொல்லுங்கள். புதிதாக எதையும் யோசிக்க வேண்டாம். தெரிந்த விளையாட்டில் தப்பு நடந்தால் பார்த்ததும் தெரியும், தெரிந்த பாட்டில் கேட்டதும் தெரியும். புதிதாகக் கண்டுபிடித்த விளையாட்டில் அது தப்பா, அல்லது விளையாட்டே அப்படித்தானா என்று யாருக்குத் தெரியும்?

இது நான் 1980-களில் கற்றுக்கொண்டது. சொல்லிக்கொடுத்தவர்கள் எங்கள் ஆயாவும் (எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) பாட்டு கற்றுக்கொண்டிருந்த அக்காவும். இரண்டு பேருமே அதற்கு முன் கீபோர்டைத் தொட்டவர்கள் இல்லை.

பிரான்சில் சொந்தக்காரர் இருப்பது பாண்டியில் அதிசயமில்லை. லீவில் வரும்போது சென்ட், சாக்லேட், வீட்டையே நாறடிக்கும் சீஸ் என்று ஏதாவது வரும். 1986-இல் எங்கள் மாமா கொண்டுவந்தது ஓரிக் அட்மாஸ் என்ற வீட்டுக் கம்ப்யூட்டர். கறுப்பும் சிவப்புமாக, ஒரு கணக்கு நோட்டை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி. இங்கிலாந்தில் செய்தது, 1984-இல் வெளிவந்தது. அதைச் செய்த கம்பெனி 1985 தொடக்கத்திலேயே நொடித்துப்போய் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் கைக்குப் போனது. இங்கிலாந்தை விட பிரான்சில்தான் அதற்கு ஆதரவு அதிகம், அதனால்தான் எங்களுக்கு அது கிடைத்தது. 48 கேபி நினைவகம், 1 மெகாஹெர்ட்ஸ் வேகம். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படத்தைக்கூட அதற்குள் அடைக்க முடியாது.

அப்போது நாட்டில் வேறு வீட்டுக் கம்ப்யூட்டரே இல்லை என்று சொல்ல மாட்டேன். மத்திய அரசின் கிளாஸ் திட்டத்தில் 1984-85 முதல் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ வந்திருந்தது. புனேயில் டெசிபெல்ஸ் என்ற கம்பெனி சின்க்ளேர் ஸ்பெக்ட்ரத்தை உரிமம் வாங்கிச் செய்துகொண்டிருந்தது. எங்கள் தெருவில் இருந்தது மட்டும் இந்த ஓரிக் ஒன்றுதான்.

வந்ததும் வேலை செய்யவில்லை. கூட வந்த கேபிள் பிரெஞ்சு டிவிகளின் பின்னால் இருக்கும் அகலமான 21 முள் சாக்கெட்டுக்கானது. எங்களிடம் இருந்ததோ 14 இஞ்ச் கறுப்பு வெள்ளை போர்ட்டபிள். அதில் ஆன்டெனா ஓட்டையைத் தவிர வேறு ஓட்டை கிடையாது. பக்கத்துத் தெரு ரேடியோ மெக்கானிக் அண்ணன்தான் வழி பண்ணினார். அவர் முதலில் கேட்டது, "இந்த டிவி பேட்டரியில ஓடுமா?" ஓடும், 12 வோல்ட். "அப்ப தப்பிச்ச. உள்ள டிரான்ஸ்பார்மர் இருக்கு." அந்தக் காலத்து டிவிகள் பலவற்றில் மெயின்ஸ் கரண்ட் நேராகச் சேஸியிலேயே நிற்கும். அப்படிப்பட்ட செட்டில் வெளியிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கொடுத்தால் கம்ப்யூட்டரும் போகும், தொட்டவனும் போவான். பழைய டிவியைப் பழைய கம்ப்யூட்டரோடு சேர்க்க ஆசைப்பட்டு இன்றும் என் கடைக்கு ஆட்கள் வருகிறார்கள். அவர்களிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

ஓரிக்கின் பின்னால் ஐந்து முள் சாக்கெட் ஒன்று உண்டு. சிவப்பு, பச்சை, நீலம், சிங்க் (படத்தை நிலையாக நிறுத்தும் சிக்னல்), எர்த். மூன்று நிறத்தையும் ஆளுக்கொரு ரெசிஸ்டர் வழியாக ஒன்றாக்கி, சிங்க்கையும் கலந்து, டிவியின் வீடியோ பகுதிக்குள் கொடுத்தார் அண்ணன். மூன்றுக்கும் ஒரே மதிப்பு ரெசிஸ்டர் போட்டால் மூன்று நிறமும் ஒரே சாம்பலாகத் தெரியும். அதனால் பச்சைக்குக் குறைவாகவும் நீலத்துக்கு அதிகமாகவும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். அப்படியும் எட்டு நிறத்தில் நாலைந்துதான் பிரிந்து தெரிந்தது. எனவே எனக்கு நிறத்தை நம்பி எதையும் செய்யும் பழக்கமே வரவில்லை. இது யார் காய், இது எந்தக் குழி என்பதையெல்லாம் வடிவத்தை வைத்தே காட்டினேன். பின்னாளில் நிறக்குருடு உள்ள ஒரு நண்பன் என் விளையாட்டை எந்தச் சிரமமும் இல்லாமல் ஆடியபோதுதான் அதன் அருமை தெரிந்தது.

அடுத்த சிக்கல் மேனுவல். முழுக்க பிரெஞ்சு. அதற்கும் பாண்டியில் வழி உண்டு. எதிர் வீட்டில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்வார். கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது, பிரெஞ்சு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனாலும் வேலை நடந்தது.

அந்த மேனுவலில் சத்தத்துக்கான பகுதியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஓரிக்கில் பிங், ஜாப், ஷூட், எக்ஸ்ப்ளோட் என்று நான்கு கட்டளைகள் உண்டு. ஒரு சொல்லை அடித்தால் மணிச் சத்தம், இன்னொன்றை அடித்தால் வெடி. ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் டிவி தயவு தேவையில்லை. மத்தியானத் தூக்கத்தில் இருந்த ஆயா எக்ஸ்ப்ளோட் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள் என்பதால் அது மட்டும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் என்று சட்டம் வந்தது.

இசைக்கு இரண்டு கட்டளைகள். ஒன்று மியூசிக். எந்த ஸ்தாயி, அதில் 1 முதல் 12 வரை எந்த ஸ்வரம், எவ்வளவு சத்தம் என்று சொன்னால் போதும். இன்னொன்று சவுண்ட். அதற்கு ஸ்வரம் தெரியாது, வெறும் ஓர் எண்ணைக் கேட்கும். எண் கூடினால் சுருதி இறங்கும் என்று தாத்தா படித்துச் சொன்னார். எது சுலபமோ அதை எடுத்தேன். அக்கா அப்போது மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற முதல் ஸ்வரப் பயிற்சியை முடித்து ஜண்டை வரிசைக்கு வந்திருந்தாள். புரந்தரதாசர் காலத்திலிருந்து எல்லோரும் தொடங்குகிற இடம் அதுதான். ச ரி க ம ப த நி ச என்று எட்டையும் மியூசிக் கட்டளையில் போட்டு அவளைக் கூப்பிட்டேன். சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு கேட்டாள். "ரி கீழ இருக்கு. க மேல நிக்குது. டீச்சர்கிட்ட இப்படிப் பாடினா அடி விழும்" என்றாள்.

அவள் காது சொன்னது சரி. மியூசிக் கட்டளை ஸ்தாயியை 12 சம பங்காக வெட்டுகிறது, மேற்கத்திய பியானோ மாதிரி. சுருதியோடு ஒட்டி நிற்கும் க-வை விட அதன் க கொஞ்சம் உயரம், ரி-யும் த-வும் கொஞ்சம் தாழ்வு. வித்தியாசம் ஓர் அரைஸ்வரத்தில் ஏழில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்குதான். தனியாகக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் ச-வும் ப-வும் சேர்ந்து ஒலிக்கும்போது உறுத்தும்.

அப்படியானால் சவுண்ட் கட்டளைதான் வழி. எந்த எண்ணைப் போடுவது? அக்காவின் டீச்சர் வீட்டில் ஒரு வீணை இருந்தது. அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய், டீச்சர் அனுமதியோடு, தந்தி ஏறி நிற்கும் குதிரையிலிருந்து, விரல் வைக்கும் ஒவ்வொரு மெட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்தேன். தந்தியின் முழு நீளம் ச. பாதியில் மேல் ச. மூன்றில் இரண்டு பங்கில் ப, நாலில் மூன்று பங்கில் ம, ஐந்தில் நாலு பங்கில் அந்தர காந்தாரம், அதாவது இந்த ராகத்தின் க. மெழுகில் மெட்டைக் காதால் கேட்டு நிறுத்தியவருக்கு இந்தப் பின்னமெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. டேப்பில் அச்சாக வரவில்லை, நெருங்கி வந்தது, அது போதும். தந்தி குறுகினால் சுருதி ஏறும், சவுண்ட் எண் குறைந்தாலும் சுருதி ஏறும். ஆக, அந்த எண்ணும் தந்தியின் நீளமும் ஒன்றேதான்.

அதன் உள்விவரம் இது. ஓரிக்கில் இருப்பது ஏஒய்-3-8912 என்ற சவுண்ட் சிப். கம்ப்யூட்டர் அதற்கு வினாடிக்குப் பத்து லட்சம் துடிப்பு கொடுக்கிறது. சிப் அதை 16-ஆல் வகுத்து, பிறகு நாம் கொடுக்கும் எண்ணால் வகுக்கிறது. அதாவது 62,500-ஐ நம் எண்ணால் வகுத்தால் வருவது ஹெர்ட்ஸ். ச-வுக்கு 240 கொடுத்தால் சுமார் 260 ஹெர்ட்ஸ். 240-ஐ ஏன் எடுத்தேன் என்றால், அது எதற்கும் வளைந்துகொடுக்கிற எண். பாதி 120, அது மேல் ச. மூன்றில் இரண்டு 160, ப. நாலில் மூன்று 180, ம. ஐந்தில் நாலு 192, க. பதினாறில் பதினைந்து 225, ரி. எட்டில் ஐந்து 150, த. பதினைந்தில் எட்டு 128, நி. ஒன்றில்கூடப் புள்ளி வைத்த எண் வரவில்லை! 240, 225, 192, 180, 160, 150, 128, 120 என்று ஒரு டேட்டா வரி. அதைப் படித்துப் படித்து சவுண்ட் கட்டளைக்குக் கொடுக்கும் ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் சில வரிகள். அக்கா கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் கூடவே பாட ஆரம்பித்தாள்.

பின்னம் எனக்குப் பிடிபட்டது அப்போதுதான். பள்ளியில் அப்பத்தைப் பங்கு போட்டுப் பார்த்தும் ஏறாத விஷயம், 160-ஐ 161 ஆக்கினால் ப அழுகிறது என்று காதில் கேட்டதும் ஏறிவிட்டது.

இந்த சிப்பில் மூன்று குரல்கள். ஒன்றில் பாட்டு, மற்ற இரண்டில் சுருதி: கீழ் ச 480, கீழ் ப 320. இங்கே ஒரு நுணுக்கம். சிப்புக்கு ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், நிறுத்து என்று சொல்லும்வரை அது தன்பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டர் வேறு வேலை பார்க்கலாம். ஸ்பெக்ட்ரத்தின் பீப் அப்படியில்லை. 48 கேபி ஸ்பெக்ட்ரத்தில் சவுண்ட் சிப் கிடையாது, பிராசஸரே ஸ்பீக்கரைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். பீப் முடியும்வரை திரையில் ஒன்றும் அசையாது. ஆனால் அதன் பீப்பில் ஸ்வர எண்ணைப் புள்ளி வைத்தும் கொடுக்கலாம். இந்திய இசை அரைஸ்வரத்தை விடச் சின்ன இடைவெளிகளைப் பயன்படுத்துகிறது, அதற்கு 0.5 என்றெல்லாம் போட்டுக்கொள்ளலாம் என்று அந்த மேனுவலிலேயே எழுதியிருந்தார்கள். நல்ல மனுஷன் யாரோ எழுதியது. பிபிசி மைக்ரோவில் ஓர் அரைஸ்வரத்தையே நாலாக வெட்டி, ஸ்தாயிக்கு 48 படி. மூன்று இயந்திரங்களும் மூன்று வழி. எனக்கு என் தந்திக் கணக்கே பிடித்திருந்தது.

சரி, விளையாட்டுக்கு வருவோம்.

ஆயாவிடம் ஒரு மரப் பல்லாங்குழி இருந்தது. பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் விதி மாறும். எங்கள் ஆயாவின் விதி இது: உன் பக்கத்தில் ஒரு குழியை அள்ளி, வலப்பக்கமாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே சுற்ற வேண்டும். கையில் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்ததில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விட வேண்டும். நடுவில் எந்தக் குழியிலாவது நாலு சேர்ந்தால் அது பசு. யார் பக்கமோ அவர்களுக்கு.

கம்ப்யூட்டருக்கு இதைவிட வசதியான விளையாட்டு இல்லை. 0 முதல் 13 வரை ஒரு வரிசை, 14 வந்தால் மறுபடி 0. வேறு ஒன்றும் வேண்டாம். துப்பாக்கி, ராக்கெட் என்று தொடங்கும் பிள்ளைகள் இரண்டு உருவம் மோதுவதைக் கண்டுபிடிக்கவே நாள் கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். இதில் மோதலே கிடையாது.

படத்துக்கு ஒரு கட்டம் போட்ட நோட்டு. ஓரிக்கில் ஓர் எழுத்து 6 கட்டம் அகலம், 8 கட்டம் உயரம். அகலத்தில் உள்ள கட்டங்களுக்கு 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. நிரப்பிய கட்டங்களைக் கூட்டி எழுதினால் ஒரு வரி. என் புளியங்கொட்டை 0, 12, 30, 30, 30, 30, 12, 0. இந்த எட்டு எண்ணையும் 46080-உடன் எழுத்து எண்ணின் எட்டு மடங்கைக் கூட்டி வருகிற இடத்தில் போட்டால், அந்த எழுத்து கொட்டையாகிவிடும். நான் அட் குறியை (@) பலி கொடுத்தேன். அதன் எண் 64, ஆக 46592-இல் தொடங்கும். அந்தக் காலத்தில் அட் குறியால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இருக்கவில்லை.

ஆயா விளையாட்டை முடித்ததும் ஒரு காரியம் செய்வாள். இரண்டு பேர் கையில் இருப்பதையும் எண்ணிக் கூட்டி, "எழுபது இருக்குதா பாரு" என்பாள். பேரப்பிள்ளைகள் மடியில் ஒளித்துக்கொள்வது உண்டு. அதை அப்படியே புரோகிராமில் வைத்தேன்: ஒவ்வொரு காய் போட்ட பிறகும் 14 குழியையும், கையில் இருப்பதையும், இரண்டு பேரின் கணக்கையும் கூட்டு. 70 இல்லையென்றால் அங்கேயே நில், எந்த வரியில் நின்றாய் என்று சொல். ஆட்டம் கொஞ்சம் மெதுவானது, பரவாயில்லை. பசு எடுத்த குழியைக் காலி செய்யாமல் விட்டது, வெறுங்குழிக்கு அடுத்ததை இரண்டு தடவை எடுத்தது எல்லாம் அந்த ஒரு வரியில் மாட்டிக்கொள்ளும். இன்றைக்கும் நான் யாருக்காவது ஏதாவது சொல்லிக்கொடுத்தால் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: உன் விளையாட்டில் மாறவே கூடாத ஓர் எண் எது? அதைக் கண்டுபிடி. ஒவ்வொரு அடியிலும் அதைச் சரிபார்.

பசு விழுந்தால் பிங். வெறுங்குழி வந்தால் ஜாப். சாதாரணமாகக் காய் விழும்போது என்ன சத்தம் கொடுப்பது என்று யோசித்தபோதுதான் இரண்டு நோட்டும் ஒன்றாகத் திறந்து கிடந்தன. ஒன்றில் ச ரி க ம, இன்னொன்றில் குழிகள். பக்கத்துக்கு ஏழு குழி, ஏழு ஸ்வரம். நம் பக்கத்தில் இடமிருந்து வலமாக ச ரி க ம ப த நி. திரும்பி எதிர்ப்பக்கம் வலமிருந்து இடமாக வரும்போது மேல் ச, நி, த, ப, ம, க, ரி. அடுத்த காய் மறுபடி நம் முதல் குழியில், ச. ஒரு முழுச் சுற்று என்றால் ஓர் ஆரோகணம், ஓர் அவரோகணம். பதினான்கும் பதினான்கும் இப்படிப் பொருந்தும் என்று நான் திட்டம் போடவில்லை, பொருந்திவிட்டது.

ஒரு காய்க்கும் அடுத்ததற்கும் நடுவில் வெயிட் 20, அதாவது வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. நீளமாக ஓடும் ஆட்டத்தில் சரளி வரிசை வேகம் கட்டி ஓடும். ஆட்டம் எங்கே நின்றது என்பதை அக்கா பக்கத்து அறையிலிருந்தே சொல்வாள், கடைசி ஸ்வரமும் அது ஏறுமுகமா இறங்குமுகமா என்பதும் தெரிந்தால் குழி தெரிந்துவிடும். ஆயாவுக்கு ஸ்வரம் தெரியாது. ஆனால் அடுப்படியில் இருந்துகொண்டே பிங்கை எண்ணிக்கொண்டிருப்பாள். "என்னாடா, உன் பொட்டி ரெண்டு பசுவ ஓட்டிக்கினு போயிடுச்சா?"

கம்ப்யூட்டர் ஆடுவதற்கு நான் வைத்த மூளை மிகச் சின்னது. தன் ஏழு குழியையும் ஒவ்வொன்றாக, பலகையை நகலெடுத்துச் சத்தமில்லாமல் ஆடிப் பார்க்கும். எதில் அதிகம் கிடைக்கிறதோ அதை எடுக்கும். ஓரிக்கின் புரோகிராம் மொழியான பேசிக்கில் இதற்கே கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் திரை சும்மா நின்றால் ஆடுகிறவர்கள் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார்கள். அதனால் யோசிக்கும்போது சுருதியை மட்டும் ஒலிக்கவிட்டேன், சிப்தான் தனியாக வேலை செய்யுமே. இதில் ஒரு தொல்லை: பிங், ஜாப் ஆகியவை சிப்பில் உள்ள எல்லாவற்றையும் அழித்து எழுதிவிடும், சுருதி நின்றுபோகும். கீ அழுத்தும்போது வரும் டிக் சத்தமும் அப்படியே. டிக்கை கன்ட்ரோல்-எஃப் அடித்து நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பிங்குக்கும் பிறகு சுருதியை மறுபடி அனுப்ப வேண்டும்.

ஆயா பெரும்பாலும் ஜெயித்தாள். பெட்டி அன்றைக்குக் கிடைப்பதைப் பார்த்தது, ஆயா அதற்கு அடுத்த ஆட்டத்தில் எதிராளிக்கு என்ன மிஞ்சும் என்று பார்த்தாள். அவள் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, எதிராளிக்கு அடுத்துக் கிடைக்கக்கூடியதைக் கழித்துக்கொள் என்று இரண்டு வரி சேர்த்தேன். பெட்டி யோசிக்கும் நேரம் ஏழெட்டு மடங்கானது. ஆயா எழுந்து போய்க் கீரை ஆய்ந்துவிட்டு வருவாள்.

டேப் ரெக்கார்டர் சமாச்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓரிக் கேசட்டில் இரண்டு வேகத்தில் எழுதும், வினாடிக்கு 2400 பிட் அல்லது 300 பிட். வேகமானதை எங்கள் பழைய டேப் ரெக்கார்டர் தாங்காது, அதனால் முக்கியமானதெல்லாம் 300-இல். சில நிமிடம் ஆகும், போய் ஒரு டீ குடிக்கலாம். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை, இரண்டு கேசட்டில். கேசட்டின் முதல் சில வினாடி வெறும் பிளாஸ்டிக், அதைத் தாண்டித்தான் தொடங்க வேண்டும். கடற்காற்றில் பின்களில் பச்சை பூக்கும், பென்சில் ரப்பரால் தேய்த்துவிட்டால் போகும். எந்த நேரம் கரண்ட் போகும் என்று தெரியாத ஊரில் நேராகக் கீபோர்டில் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. நோட்டில் எழுதி முடித்துவிட்டுத்தான் தட்டச்சு. இந்தக் கடைசிப் பழக்கம் மட்டும் இன்னும் என்னை விடவில்லை. யுபிஎஸ் வைத்திருக்கிறேன், ஆனாலும் நோட்டு உண்டு.

பிறகு ராகத்தை மாற்றும் ஆசை வந்தது. ஏழு குழிக்கு ஏழு ஸ்வரம் வேண்டும் என்பதால் மோகனம், ஹம்சத்வனி எல்லாம் உட்காராது. ஆனால் ஏழு ஸ்வரமும் உள்ள தாய் ராகங்களான 72 மேளகர்த்தாவும் உட்காரும். டேட்டா வரியை மட்டும் மாற்றினால் போதும். சங்கராபரணத்துக்கு 240, 213, 192, 180, 160, 144, 128. கரகரப்பிரியாவுக்கு 240, 213, 200, 180, 160, 144, 135. தோடிக்கு 240, 225, 200, 180, 160, 150, 135. ஆட்டம் தொடங்குமுன் எந்த ராகம் என்று கேட்கும். தோடியைக் கேட்டு அக்கா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. "இது தோடி இல்லடா, தோடியோட எலும்பு." காந்தாரம் ஆடாமல் அசையாமல் நின்றால் தோடி எங்கே இருக்கிறது?

அசைக்க முடியும். 200-இலிருந்து 212-க்குப் போய்த் திரும்புகிற ஒரு சின்ன லூப்பில் சவுண்ட் கட்டளையை வைத்தால் ஸ்வரம் வழுக்கும். ஒரு ஸ்வரத்தை அசைக்க நான் ஒரு வாரம் உட்கார்ந்ததும் உண்டு. ஆனால் காய் விழும் வேகத்தில் அதற்கு நேரமில்லை. விளையாட்டா கமகமா (ஸ்வரத்தை இப்படி அசைப்பதுதான் கமகம்) என்று வந்தபோது விளையாட்டை எடுத்துக்கொண்டு, கமகத்துக்குத் தனிப் புரோகிராம் எழுதினேன். ஒரே பொருளில் இரண்டு ஆசையையும் திணித்தால் இரண்டும் அரைகுறையாகும், பிள்ளைகளிடம் இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

அந்த ஓரிக் இப்போது என்னிடம் இல்லை. வேண்டுமென்றால் ஓரிக்கைப் போலவே நடந்துகொள்ளும் ஓரிக்கூட்ரான் என்ற இலவச எமுலேட்டரை லேப்டாப்பில் போட்டு, மேலே சொன்ன எண்களை அப்படியே அடித்துப் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அது தேவையில்லை. இசைக்கு சோனிக் பை, இலவசம். அதில் ஸ்வர எண்ணைப் புள்ளி வைத்துக் கொடுக்கலாம். ஹெர்ட்ஸைக் கொடுத்தால் ஸ்வர எண்ணாக மாற்றித் தரும் கட்டளையும் உண்டு, ஆக 62,500-ஐ வகுக்கும் என் கணக்கு அதிலும் ஓடும். விளையாட்டுக்கு டிக்-80, அதுவும் இலவசம். 240-க்கு 136 புள்ளித் திரை, 16 நிறம், நாலு குரல் சத்தம். சின்ன இடம்தான், பிள்ளைகள் தொலைந்துபோக மாட்டார்கள்.

அக்காவின் பேத்தி இப்போது டிக்-80-இல் ஆடுபுலி ஆட்டம் செய்துகொண்டிருக்கிறாள். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு என்ற பட்டியலை நோட்டில் எழுதிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் பக்கம் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மாறக்கூடாத எண்ணை அவளே கண்டுபிடித்தாள்: இன்னும் வைக்காத ஆடு, பலகையில் உள்ள ஆடு, வெட்டுப்பட்ட ஆடு மூன்றையும் கூட்டினால் எப்போதும் 15. சத்தத்துக்குப் புலி கல்யாணியில் பாய வேண்டுமாம். கல்யாணி என்றால் சங்கராபரணத்தின் 180-ஐ எடுத்துவிட்டுப் பிரதி மத்யமம், அதாவது உயர்ந்த ம, போட வேண்டும். கணக்குப்படி 170.67 வருகிறது, ஓரிக் எண்ணில் புள்ளி வைக்க முடியாது என்பதால் அந்தக் காலத்தில் 171 வைத்தேன். அக்கா 171-தான் சரி என்கிறாள். எனக்கு 170 பிடிக்கும். பேத்தி இரண்டையும் போட்டுக் கேட்டுவிட்டு, புலிக்கு 170, ஆட்டுக்கு 171 என்று வைத்திருக்கிறாள்.